வெளி மயிர்ச்செல்கள் மூளையோடு பேசுவதே இல்லை என்றால் அவை காதுக்குள் என்னதான் செய்கின்றன?

#1 புதுவிசை

உட்செவி பற்றிய பாடத்தை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கணக்கு உதைக்கிறது.

மனிதக் காக்ளியாவில், அதாவது உட்செவியின் சுருள் கூட்டில், ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் இரண்டு வகை. உள் மயிர்ச்செல்கள் ஒரே வரிசை, சுமார் 3,500. வெளி மயிர்ச்செல்கள் மூன்று வரிசை, சுமார் 12,000. மூளைக்குப் போகும் செவிநரம்பு இழைகள் ஏறக்குறைய 30,000. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அந்த 3,500 செல்களிடம்தான் போய் நிற்கின்றன. மீதியுள்ள கொஞ்ச இழைகளைத்தான் 12,000 செல்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

புத்தகமோ "அதிர்வு வந்ததும் மயிர்ச்செல்கள் வளைந்து நரம்பைத் தூண்டுகின்றன" என்று இரண்டு வகையையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டுப் போகிறது. கேட்கிற வேலை முழுவதையும் உள்வரிசை பார்த்துக்கொண்டால் வெளிவரிசை எதற்கு? பேரிரைச்சலிலும் சில மருந்துகளிலும் முதலில் சாவது வெளிவரிசைதான், அது செத்தால் காது மந்தமாகும் என்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது. செய்தியே அனுப்பாத செல் செத்தால் ஏன் கேட்காமல் போக வேண்டும்?

#2 செவிக்கூடு

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். செவித்திறன் பரிசோதனை என் தொழில். இந்தக் கேள்விக்கான பதிலை வைத்துத்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது.

நேரடியாகச் சொன்னால், உள்வரிசை கேட்பதற்கு, வெளிவரிசை அசைவதற்கு. வெளி மயிர்ச்செல் மின்னழுத்தம் மாறும்போது நீண்டு சுருங்கும். அப்படிச் சுருங்கி, தான் உட்கார்ந்திருக்கும் படலத்தின் அதிர்வையே பெரிதாக்கிவிடும். பெரிதாக்கப்பட்ட அந்த அதிர்வைத்தான் உள்வரிசை படிக்கிறது. வெளிவரிசை போய்விட்டால் 40 முதல் 60 டெசிபல் வரை இழப்பு. சாதாரணப் பேச்சின் அளவே 60 டெசிபல் பக்கம் என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும்.

அதற்கு முந்தைய வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தில் மோதினால் 99.9 சதவீத ஆற்றல் திரும்பிப் போய்விடும். செவிப்பறையின் பரப்பு, அங்கவடி எலும்பு அமர்ந்திருக்கும் நீள்வட்டச் சன்னலைப் போல் சுமார் 17 மடங்கு. சுத்தி எலும்பும் பட்டை எலும்பும் நெம்புகோலாக இன்னொரு 1.3 மடங்கு சேர்க்கின்றன. ஆக அழுத்தம் இருபது மடங்குக்குச் சற்று மேல் கூடி உள்ளே போகிறது. நடுச்செவியின் கதை அவ்வளவுதான். உங்கள் கேள்வி அதற்கு அப்பால் உள்ள இடத்தைப் பற்றியது.

#3 அலைநீளம்

செவிக்கூடு சொன்னதை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது ருசியான கதை. இயற்பியல்காரன் என்பதால் அந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

காக்ளியாவைச் சுருள் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் நெடுக ஓடும் அடிப்படலம் நுழைவாயில் பக்கம் குறுகி விறைப்பாக இருக்கும், உச்சிக்குப் போகப்போக அகன்று தளர்ந்துவிடும். கூடு குறுகிக்கொண்டே போக, உள்ளே படலம் மட்டும் அகன்றுகொண்டே போகிறது. எனவே உயர் அதிர்வெண் வாயில் பக்கமும் தாழ் அதிர்வெண் உச்சிப் பக்கமும் அதிகம் அசைக்கும். இடத்துக்கு இடம் ஒத்திசைவு மாறுகிறது என்று 1863இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னார். படலத்தின் மீது அலை ஒன்று ஓடி, தனக்குரிய இடத்தில் உயர்ந்து, பிறகு சட்டென்று அடங்குவதைக் கண்ணால் பார்த்தவர் கியார்க் ஃபான் பேகேஷி. புடாபெஸ்டில் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை செய்தவர். 1928இல் தொடங்கிய அந்த வேலைக்கு 1961இல் நோபல் கிடைத்தது.

அவர் பார்த்தது பிணங்களின் காதை. அசைவு நுண்ணோக்கியில் தெரிய வேண்டுமென்று எந்த உயிருள்ள காதும் தாங்காத உரத்த ஒலியைக் கொடுத்தார். அவர் கண்ட மேடு மிக அகலமானது, மொட்டையானது. ஆனால் நாம் 1,000 ஹெர்ட்ஸையும் 1,003 ஹெர்ட்ஸையும் கிட்டத்தட்டப் பிரித்துவிடுகிறோம். மொட்டை மேட்டை வைத்துக்கொண்டு இந்த நுட்பம் எங்கிருந்து வரும்?

1948இல் தாமஸ் கோல்ட் இதே இடத்தைப் பிடித்தார். படலம் திரவத்துக்குள் கிடக்கிறது. திரவத்தின் பிசுபிசுப்பு எந்த அதிர்வையும் உடனே அடக்கிவிடும். கூரான ஒத்திசைவு வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் இழந்த ஆற்றலை யாராவது திருப்பித் தர வேண்டும். ஊஞ்சல் திரும்பிவரும் நேரம் பார்த்து லேசாகத் தள்ளிவிடுகிற கை ஒன்று காதுக்குள் இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். அந்தத் தள்ளல் கொஞ்சம் மிகையானால் காதே ஒலி எழுப்பத் தொடங்கும் என்றும் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வானியலுக்குப் போய்விட்டார். மாறா நிலைப் பிரபஞ்சக் கொள்கையில் ஹாய்ல், பாண்டி இருவரோடு பெயர் வருமே, அதே கோல்ட்தான்.

#4 எதிர்வாதி

ஒரு தடை. கூர்மை காக்ளியாவில்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? விழித்திரையில் பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று அடக்கி விளிம்பைக் கூராக்குகின்றன. மொட்டை மேட்டை நரம்புகளும் மூளையும் சேர்ந்து அதே மாதிரி கூராக்கியிருக்கலாமே. உயிருள்ள செல் ஆற்றல் கொடுக்கிறது என்பதைவிட இது எளிய விளக்கம்.

#5 அலைநீளம்

பல ஆண்டுகள் துறையே அப்படித்தான் நினைத்தது. பேகேஷியும் அந்தப் பக்கம்தான். தனித்தனி நரம்பு இழையில் மின்முனை வைத்து அளந்தபோது ஒவ்வொரு இழையும் தன் அதிர்வெண்ணுக்கு ஊசிமுனையாக விடை சொன்னது. மூளைக்குப் போகும் முன்பே கூர்மை வந்துவிட்டது என்று தெரிந்தது. அப்போதும் விடாமல், படலத்துக்கும் நரம்புக்கும் நடுவே "இரண்டாம் வடிகட்டி" ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள்.

அதை உடைத்தது 1971இல் வில்லியம் ரோட் என்ற ஆய்வாளர் செய்த அளவீடு. உயிருள்ள அணில் குரங்கின் படலத்தில் துளி கதிரியக்கப் பொருளை வைத்து, மோஸ்பௌவர் விளைவைக் கொண்டு (அசைவால் காமா கதிரின் ஆற்றல் நுண்ணளவு மாறுவதைக் கவனிக்கும் முறை) அசைவின் வேகத்தை அளந்தார். சிறிய ஒலிக்கு அசைவு எதிர்பார்த்ததைவிடப் பெரிது. ஒலியைப் பத்து மடங்காக்கினால் அசைவு பத்து மடங்காகவில்லை, அதற்கு வெகு குறைவாகவே கூடியது. விலங்கு இறந்ததும் இந்தக் குணம் போய்விட்டது. பிறகு வந்த நுட்பமான அளவீடுகளில் படலத்தின் கூர்மை நரம்பின் கூர்மைக்குக் கிட்டத்தட்ட சமமாக வந்தது. இரண்டாம் வடிகட்டிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. செத்தால் மறைகிற இயந்திர குணம் என்றால் அதற்கு உயிர் ஆற்றல் கொடுக்கிறது என்றுதானே பொருள்?

#6 செவிக்கூடு

கோல்ட் சொன்ன மற்றதும் பலித்தது. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப், காதுத் துளைக்குள் சின்ன ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்து மூடி, ஒரு "டிக்" ஒலியை அனுப்பினார். சில மில்லிநொடி கழித்து உள்ளிருந்து ஒலி திரும்பி வந்தது. வெறும் எதிரொலி அவ்வளவு தாமதமாக வராது. வெளிவரிசை பழுதான காதில் அது வருவதும் இல்லை.

பிறந்த குழந்தைகளுக்கு இன்று செய்யும் முக்கியமான செவிப் பரிசோதனைகளில் ஒன்று இதுதான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலே போதும். ஒரு வகைச் சோதனையில் இரண்டு சுருதிகளைச் சேர்த்துக் கொடுப்போம். 1,000 ஹெர்ட்ஸும் 1,200 ஹெர்ட்ஸும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுருதியின் இரு மடங்கில் இரண்டாவதைக் கழித்தால் 800. நாங்கள் கொடுக்காத அந்த 800 ஹெர்ட்ஸ் குழந்தையின் காதிலிருந்து வெளியே வரும். வந்தால் வெளிவரிசை உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் உடனே பதற வேண்டியதில்லை. நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தாலும், துளையில் பிறப்பின்போது ஒட்டியது அடைத்திருந்தாலும் வராது. மறுபடி பார்ப்போம்.

இதில் ஒரு பொறி உண்டு. சில குழந்தைகளுக்கு இந்த ஒலி அழகாக வரும், ஆனால் குழந்தைக்குக் கேட்காது. வெளிவரிசை நன்றாக இருக்கிறது, உள்வரிசையோ அதன் நரம்பு இணைப்போ வேலை செய்யவில்லை. அதனால்தான் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கு மூளைத்தண்டு மின்னலைச் சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறோம்.

#7 தூண்டில்

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். ராத்திரி அமைதியா இருக்கும்போது காதுல "ஙொய்"னு ஒரு சத்தம் வருதே, அது இந்தக் காது போடற சத்தம்தானா?

#8 செவிக்கூடு

பெரும்பாலும் இல்லைங்க. தூண்டாமலே தானாக ஒலி விடும் காதுகள் நிறைய உண்டு, ஆனால் அந்தக் காதுக்காரருக்கு அது கேட்பதில்லை. காது இரைச்சல் வேறு விஷயம். உள்ளிருந்து வரவு குறைந்ததும் மூளை தன் பக்கத்து அளவைக் கூட்டிக்கொள்வதோடு அதற்குத் தொடர்பு அதிகம். ஒரே காதில் மட்டும் வந்தாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, திடீரென்று கேட்கும் திறன் குறைந்தாலோ இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். திடீர் இழப்புக்கு முதல் சில நாள்கள் முக்கியம்.

#9 புதுவிசை

இப்போது பிடிபடுகிறது. ஆனால் செல் எப்படி அசைகிறது? தசையைப் போலவா? அதற்கு முன்னால், மயிர் வளைந்தால் மின்சாரம் எப்படி வருகிறது என்பதே புத்தகத்தில் சரியாக இல்லை.

#10 மயிலிறகு

விலங்கியல் பக்கத்திலிருந்து வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த உரையாடலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ஒவ்வொரு மயிர்ச்செல்லின் தலையிலும் நுண்மயிர்கள் உயர வரிசையில் நிற்கின்றன. குட்டை மயிரின் நுனியையும் பக்கத்து நெட்டை மயிரின் பக்கவாட்டையும் ஒரு மெல்லிய இழை இணைக்கிறது. மின்னணு நுண்ணோக்கியில் பிக்கிள்ஸ் குழுவினர் 1984இல் விவரித்தது. இரண்டு கேட்ஹெரின் வகைப் புரதங்கள் முனையோடு முனை கோத்த இழை அது. கற்றை நெட்டைப் பக்கம் சாய்ந்தால் இழை இறுகி, குட்டை மயிரின் நுனியில் உள்ள அயனி வாயிலை இழுத்துத் திறக்கிறது. வாயிலின் முக்கியப் புரதம் டிஎம்சி1. எந்த வேதிப்பொருளும் நடுவில் தூது போவதில்லை, நேரடி இழுப்பு. அதனால்தான் மைக்ரோநொடிக் கணக்கில் திறக்க முடிகிறது. கண்ணில் ஒளி பட்டு மின்குறி எழ மில்லிநொடிகள் பல ஆகும். காது காத்திருக்க முடியாது. கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்குக் கற்றை அசைவது ஒரு நானோமீட்டருக்கும் குறைவு.

வாயில் திறந்ததும் உள்ளே பாய்வது பொட்டாசியம். நரம்பியல் படித்தவர்கள் இங்கேதான் நெற்றியைச் சுருக்குவார்கள். உடம்பில் மற்ற இடங்களில் பொட்டாசியம் செல்லைவிட்டு வெளியேறும், சோடியம்தான் உள்ளே வரும். காக்ளியாவில் மயிர்க்கற்றை மூழ்கியிருக்கும் எண்டோலிம்ப் திரவம் பொட்டாசியம் நிறைந்தது, அதோடு சுமார் +80 மில்லிவோல்ட் மின்னழுத்தமும் கொண்டது. செல்லின் உள்ளே ஏறத்தாழ -60. இடையில் 140 மில்லிவோல்ட் சரிவு. வாயில் திறந்தால் பொட்டாசியம் தானாகப் பாய்கிறது. செல்லின் அடிப்பாகம் சாதாரணத் திரவமான பெரிலிம்பில் இருப்பதால் அங்கே பொட்டாசியம் அதே வேகத்தில் வடிந்தும் விடுகிறது. ஆக, உள்ளே வரவும் வெளியே போகவும் மயிர்ச்செல் தன் ஆற்றலைச் செலவழிப்பதில்லை. செலவு முழுவதும் காக்ளியாவின் பக்கச்சுவரில் உள்ள ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ் என்ற இரத்தக்குழாய் நிறைந்த திசுவுடையது. பொட்டாசியத்தை இறைத்து அந்த +80ஐக் காப்பது அதுதான். கேட்கும் செல்களுக்கு வெகு அருகில் இரத்தக்குழாய் ஓடினால் நாடித்துடிப்பே கேட்டுக்கொண்டிருக்கும். வேலையைத் தள்ளி வைத்ததில் அந்த ஆதாயமும் உண்டு என்று நினைக்கிறேன். சிலவகை சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளை ஊசியில் வேகமாக ஏற்றினால் தற்காலிகமாகக் காது மந்தமாவது இந்தத் திசு முடங்குவதால்தான்.

உள் மயிர்ச்செல்லில் இந்த மின்மாற்றம் கால்சியம் வாயில்களைத் திறந்து நரம்புக்குக் குளூட்டமேட் என்ற தூதுப்பொருளை விடுகிறது, செய்தி போகிறது. வெளி மயிர்ச்செல்லில் நடப்பது வேறு. 1980களின் நடுவில் பிரவுனெல் தனியே எடுத்த வெளி மயிர்ச்செல்லுக்கு மின்சாரம் கொடுத்தபோது அது குட்டையாகி நீண்டது. தசையில் போல ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகளின் சறுக்கலும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறின் செலவும் இதில் இல்லை. செல்லின் பக்கச்சுவர் முழுக்க ஒரு புரதம் நெருக்கமாகப் பதிந்திருக்கிறது. மின்னழுத்தம் மாறினால் அந்தப் புரதத்தின் பரப்பு மாறும், ஆயிரமாயிரம் சேர்ந்து செல்லின் நீளமே மாறும். 2000இல் டல்லோஸ் குழு அதன் மரபணுவைக் கண்டுபிடித்து பிரெஸ்டின் என்று பெயர் வைத்தது. அதன் உறவுக்காரப் புரதங்கள் எல்லாம் செல்சவ்வில் எதிர்மின் அயனிகளைக் கடத்துகிற சாதாரணக் கடத்திகள். கடத்தியாக இருந்தது பாலூட்டிகளின் காதில் இயந்திரமாகிவிட்டது.

புதுவிசையின் மீதி இழைகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிவரிசையிலிருந்து மூளைக்குப் போகும் சொற்ப இழைகள் மெல்லியவை, மயலின் உறை இல்லாதவை, சாதாரண ஒலிக்கு அசைந்து கொடுக்காதவை. மயிர்ச்செல்கள் சிதையும்போது அவை கிளர்வதை 2015இல் காட்டினார்கள். காதின் வலி நரம்பாக இருக்கலாம் என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. வெளிவரிசைக்குப் பெரிய நரம்புகள் வருவது எதிர்த்திசையில், மூளைத்தண்டிலிருந்து. பெருக்கத்தைக் குறைக்கச் சொல்லும் கட்டளைகள் அவை. கணக்கு உதைத்த இடம் அங்கேதான்.

#11 எதிர்வாதி

பிரெஸ்டின் கதை அழகுதான், அதனாலேயே சந்தேகப்படுகிறேன். செல்சவ்வுக்கு மின்தேக்குத் திறன் உண்டு. உள்ளே வரும் மின்னோட்டம் வேகமாக ஆடினால் சவ்வு அதை விழுங்கிவிடும், மின்னழுத்தம் ஆடாது. பாடப்புத்தக எண்களைப் போட்டால் ஆயிரம், இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் மின்னழுத்த ஆட்டம் வேகமாகத் தேய்கிறது. வௌவால் 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கிறது. மின்னழுத்தம் ஆடாத இடத்தில் மின்னழுத்தத்தால் இயங்கும் புரதம் சுற்றுக்குச் சுற்று எப்படித் தள்ளும்?

#12 அலைநீளம்

இது உண்மையான சண்டை, துறைக்குள்ளும் நடக்கிற சண்டை. இரண்டு பக்கத்தையும் வைக்கிறேன்.

அதிர்வைப் பெரிதாக்கும் இந்தப் பெருக்கிக்குப் பிரெஸ்டின் தேவை என்பதில் சந்தேகம் இல்லை. பிரெஸ்டின் மரபணுவை நீக்கிய எலிகள் 2002இல் வந்தன. இழப்பு 40 முதல் 60 டெசிபல், வெளிவரிசையே இல்லாதது போல. "நீக்கியதால் செல்கள் குட்டையாகி விறைப்பும் மாறிவிட்டது, அதுதான் காரணம்" என்று மறுத்தார்கள். 2008இல் புரதம் தன் இடத்தில் இருக்க, அசைவு மட்டும் ஏறக்குறைய இல்லாதபடி இரண்டு அமினோ அமிலங்களை மட்டும் மாற்றிய எலி வந்தது. செல்லின் நீளம் சரியாக இருந்தது, கேட்கும் திறன் அப்போதும் போயிருந்தது.

சுற்றுக்குச் சுற்று என்பதில்தான் தகராறு. 2011இல் ஃபெட்டிபிளேஸ் உள்ளிட்டோர், எண்டோலிம்பின் குறைந்த கால்சியத்தில் அளந்தால் ஓய்வு நிலையிலேயே வாயில்களில் ஏறக்குறைய பாதி திறந்திருக்கின்றன, அதனால் செல்சவ்வு நாம் நினைத்ததைவிட வேகமானது என்று காட்டினார்கள். நீங்கள் போட்ட பாடப்புத்தக எண்கள் செயற்கைத் திரவத்தில் எடுத்தவையாக இருக்கும். ஆனாலும் மிக உயர் அதிர்வெண்ணில் இந்த விளக்கம் போதுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெளிவரிசை ஒவ்வொரு சுற்றிலும் தள்ளாமல், மெதுவாக அமைப்பின் இறுக்கத்தைச் சரிசெய்கிறது என்பது அவர்கள் கட்சி. ஒளியை வைத்து உள்ளடுக்குகளைப் படமெடுக்கும் ஒளியியல் வெட்டுப்பட முறையில் உயிருள்ள எலியின் காக்ளியாவை மூடியபடியே அளக்க முடிகிற காலத்திலும் தீர்ப்பு வரவில்லை. என் ஓட்டு சுற்றுக்குச் சுற்றுப் பக்கம், ஆனால் வீட்டை அடமானம் வைக்க மாட்டேன்.

#13 மயிலிறகு

வௌவால் பேச்சு வந்ததால் ஒன்று. எதிரொலியால் வழி காணும் வௌவால்களும் டால்ஃபின்களும் உறவில் எங்கோ எங்கோ. ஆனால் பிரெஸ்டினின் அமினோ அமில வரிசையை மட்டும் வைத்து வம்சாவளி வரைந்தால் இரண்டும் ஒரே கிளையில் போய் உட்காருகின்றன என்று 2010இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. மிக உயர்ந்த ஒலியைக் கேட்க வேண்டிய நெருக்கடி ஒரே புரதத்தில் ஒரே மாதிரி மாற்றங்களை இரண்டு முறை தேர்ந்தெடுத்திருக்கிறது. எதிர்வாதியின் மின்தேக்குத் தடை முழு உண்மையானால் உயர் அதிர்வெண்ணில் இந்தப் புரதத்துக்கு வேலையே இருக்கக் கூடாது. தேர்வு அழுத்தம் எங்கிருந்து வந்தது?

இன்னொன்று, பெருக்கி பாலூட்டிகளின் ஏகபோகம் அல்ல. தவளை, பல்லிகளின் காதும் ஒலி விடுகிறது. அங்கே தள்ளுவது மயிர்க்கற்றையே. பறவைகளும் பல்லிகளும் பத்துப் பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸைத் தாண்டிக் கேட்பது அரிது. பாலூட்டிகள் அந்த எல்லையைத் தாண்டியதற்கு மூன்று எலும்புள்ள நடுச்செவியும் சேர்ந்தே காரணம். அதில் இரண்டு எலும்புகள் ஊர்வனவற்றின் தாடை மூட்டிலிருந்து வந்தவை.

#14 எதிர்வாதி

தேர்வு அழுத்தம் இறுக்கத்தைச் சரிசெய்யும் வேலைக்காகவும் வந்திருக்கலாம். ஆனால் 2008 எலியை நான் படித்ததில்லை, அது கனமான சான்றுதான். படித்துவிட்டு வருகிறேன்.

#15 தூண்டில்

எங்க சித்தப்பா காது கேக்கலைன்னு "சத்தமா பேசு"ம்பாரு. சத்தமா பேசினா "ஏன் கத்தறே"ம்பாரு. இதுக்கும் இந்த செல்லுக்கும் சம்பந்தம் உண்டா?

#16 செவிக்கூடு

நேரடிச் சம்பந்தம். பெருக்கி மெல்லிய ஒலியைத்தான் அதிகம் உயர்த்துகிறது, உரத்த ஒலியை ஏறக்குறைய அப்படியே விடுகிறது. ரோட் அளந்த அந்த வளைவு இதுதான். வெளிவரிசை போனவருக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ நமக்குக் கேட்கிற அதே உரத்தில் போய் மோதும். நடுவில் வசதியாகக் கேட்கிற இடம் ஒடுங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரே அளவில் கூட்டுகிற பழைய கருவிகளைப் பலர் கழற்றி அலமாரியில் வைத்ததற்கு இது ஒரு காரணம். இப்போதைய கருவிகள் மெல்லியதை அதிகமாகவும் உரத்ததைக் குறைவாகவும் கூட்டுகின்றன. ஆனாலும் கூர்மை திரும்பி வராது. கூட்டத்தில் பேச்சைப் பிரிப்பது சிரமமாகவே இருக்கும்.

சித்தப்பாவிடம் கத்தாதீர்கள். முகம் பார்த்து, சற்று நிதானமாக, சாதாரண உரத்தைவிடக் கொஞ்சம் கூட்டிப் பேசுங்கள். முதலில் சாவது காக்ளியாவின் நுழைவாயில் பக்கத்துச் செல்கள், அதாவது உயர் அதிர்வெண். ச, ஸ, ஷ போன்ற ஒலிகள்தான் முதலில் நழுவும். பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. ஜென்டாமைசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் அதே பக்கத்திலிருந்துதான் தொடங்கும். மயிலிறகு சொன்ன அந்த அயனி வாயில் வழியாகவே மருந்து செல்லுக்குள் நுழைகிறது.

#17 புதுவிசை

செத்த செல் திரும்ப முளைக்காதா? பறவைகளுக்கு முளைக்கும் என்று எங்கோ படித்தேன்.

#18 மயிலிறகு

பறவைக்கு முளைக்கும், 1980களின் கடைசியில் உறுதியானது. இரைச்சலில் செத்த செல்லுக்குப் பக்கத்தில் உள்ள தாங்கு செல்கள் பிரிந்து புதிய மயிர்ச்செல்லாகின்றன. வளர்ந்த பாலூட்டியின் காக்ளியாவில் அது நடப்பதில்லை. நம்மிடம் தாங்கு செல்களும் வெளிவரிசையோடு சேர்ந்து இயங்கும் இயந்திரத்தின் பாகங்கள். குறிப்பிட்ட வடிவம், குறிப்பிட்ட விறைப்பு. அவை பிரிந்து குட்டி போட்டால் அமைப்பே கலைந்துவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது பாதி நம்பிக்கைதான்.

#19 செவிக்கூடு

செல் சாவதற்கு முன்பே சேதம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009இல் குஜாவாவும் லிபர்மனும் எலிகளை மிதமான இரைச்சலில் வைத்தார்கள். இரண்டு வாரங்களுக்குள் கேட்கும் எல்லை பழையபடி வந்துவிட்டது, வெளிவரிசையும் நலம். ஆனால் உள் மயிர்ச்செல்களின் நரம்பு இணைப்புகளில் ஏறக்குறைய பாதி நிரந்தரமாகப் போயிருந்தன. எங்கள் வழக்கமான சோதனையில் இது தெரியாது.

நம்பிக்கையான செய்தியும் உண்டு. நான் முன்பு சொன்ன, காது ஒலி விட்டும் கேட்காத குழந்தைகளில் ஒரு சாராருக்கு ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் இல்லை. உள் மயிர்ச்செல் குளூட்டமேட்டை விட அது வேண்டும். அந்த மரபணுவை வைரஸ் ஓட்டுக்குள் வைத்து உட்செவியில் செலுத்திய முதல் முடிவுகள் 2024இல் வெளியாயின. பிறவியிலேயே கேளாத குழந்தைகள் சிலர் பேச்சைக் கேட்கும் நிலைக்கு வந்தார்கள். அவர்களுடைய வெளிவரிசை நன்றாக இருந்தது என்பதால்தான் இது சாத்தியமானது. பெருக்கி தயாராக இருந்தது, விட்டுப்போன ஒரு புரதத்தைக் கொடுத்தால் போதும். வெளிவரிசை அழிந்துவிட்ட காதில் ஓட்டோஃபெர்லினைக் கொடுத்துப் பயனில்லை. அங்கே இன்றைக்கும் கருவிதான், இழப்பு மிகுந்தால் நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட்.

#20 தூண்டில்

நன்றிங்க. சித்தப்பாவைப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போறேன். வரமாட்டேன்னு அடம்பிடிப்பாரு, அது வேற கதை.